விடுபட்ட தலைமுறையைத் தேடி: ஆங்கிலேயக் குடும்ப வரலாற்றின் இடைவெளிகளைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு நிரப்புவது எப்படி?

என் மாமியார் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் குடும்பக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு கல்யாணச் சான்றிதழ், மங்கிப்போன இரண்டு போட்டோக்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறியதில், 1814இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துக் கிராமக் கோயில் (தேவாலயம்) ஒன்றில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு விவசாயக் கூலி வரை வந்துவிட்டோம். அதற்கு மேல் வழியில்லை. அவரைப் பெற்றவர்கள் யார் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

இணையத்தில் தேடினால் ஐந்தாறு பேர் தங்கள் வம்சாவளியில் அவரையும் சேர்த்திருந்தார்கள். எல்லாரும் ஒரே தாய் தந்தையரைத்தான் காட்டினார்கள். அந்தப் பதில் தவறு என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று. ஏன் தவறு, சரியான பதில் எங்கே இருந்தது என்பதைப் போகிற போக்கில் சொல்கிறேன். இங்கிலாந்தில் வேர் உள்ள குடும்பத்தைத் தேடும் யாரும் இதே இடத்தில்தான் முட்டி நிற்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருத்தமான ஒரு பெயர் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. அதே பெயரில், அதே வட்டாரத்தில், அதே காலத்தில் இருந்த மற்றவர்களை ஒவ்வொருவராக விலக்கிய பிறகு மிஞ்சுபவர்தான் உங்கள் ஆள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த விலக்கலுக்காகத்தான்.

படி 1: 1837க்கு இந்தப் பக்கம் இருப்பதை முதலில் இறுக்கிக் கட்டுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. ஸ்காட்லாந்தில் அது 1855இல்தான் வந்தது. அங்கே முறையே வேறு. இந்தக் கட்டுரை இங்கிலாந்தைப் பற்றியது.

ஒவ்வொரு சான்றிதழும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்திருந்தால் வீண் செலவு குறையும். பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் இருக்கும். கல்யாணச் சான்றிதழில் மணமகன், மணமகள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். தாய்மார் பெயர் 2021 மே மாதம் முதல்தான் சேர்ந்தது. இறப்புச் சான்றிதழைப் பலரும் ஆசையோடு வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சான்றிதழில் பெரியவர்களின் பெற்றோர் பெயர் கிடையாது. யார் வந்து இறப்பைத் தெரிவித்தார் என்பதை மட்டும் பாருங்கள். கல்யாணமாகிப் போன மகளின் புதுக் குடும்பப்பெயர் சில சமயம் அங்கேதான் கிடைக்கும்.

தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் உள்ள புதிய பிறப்பு அட்டவணையை விட்டுவிடாதீர்கள். பழைய அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் உண்டு. புதியதில் அதை 1837 வரை பின்னோக்கிச் சேர்த்திருக்கிறார்கள். தகப்பன் குடும்பப்பெயரையும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் சேர்த்துத் தேடினால், ஒரு தம்பதியின் எல்லாக் குழந்தைகளும், பிறந்த சில நாளில் இறந்தவை உட்பட, வரிசையாக வந்து நிற்கும். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரையும் எழுதி வையுங்கள். நேர் வாரிசைப் பற்றிய காகிதம் தொலைந்திருந்தாலும், அவர் தங்கையின் காகிதம் பெற்றோரைக் காட்டிக்கொடுக்கும்.

தேடியும் பிறப்பு கிடைக்கவில்லையா? பதியாவிட்டால் தண்டனை என்ற பொறுப்பு பெற்றோர் தலையில் அழுத்தமாக விழுந்தது 1875இல்தான். அதற்கு முன் பிறந்த பலர் பதிவிலேயே இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கலாம்.

கல்யாணச் சான்றிதழில் உள்ள தந்தை பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் வெட்கத்தை மறைக்க ஒரு தந்தையைக் கற்பித்துச் சொன்னதுண்டு. வளர்த்த தாத்தாவின் பெயரைக் கொடுத்ததும் உண்டு.

படி 2: சென்சஸை உறவுமுறையோடு வாசியுங்கள்

பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த சென்சஸில் ஆட்களின் பெயர் நாடு முழுவதும் முறையாகக் கிடைப்பது 1841 முதல். 1921 வரை எல்லாமே பார்வைக்குத் திறந்திருக்கின்றன. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீக்கு இரையாயின. 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்தப் பள்ளத்தைத் தாண்ட 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு ஒன்று இருக்கிறது.

1841 தாளில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 52 வயதுக்காரர் 50 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இருக்காது. இதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும் இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் கிடையாது. அதனால் 1851 வரை உயிரோடிருந்தவர் என்றால் அது பெரிய அதிர்ஷ்டம். அந்த ஆண்டிலிருந்து உறவு, வயது, பிறந்த பாரிஷ் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) மூன்றும் வந்துவிடும். எங்கள் ஆள் 1851இல் இருந்தார். வயது 62, விவசாயக் கூலி, பிறந்த ஊரின் பெயரும் இருந்தது.

உறவுமுறையில் நம் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நமக்குச் சித்தப்பா வேறு, பெரியப்பா வேறு, மாமா வேறு. ஆங்கிலத்தில் எல்லாம் அங்கிள்தான். அதைவிடச் சிக்கல், பழைய தாள்களில் 'சன்-இன்-லா' என்று எழுதியிருந்தால் அவர் மருமகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். நாற்பது வயதுக்காரர் வீட்டில் பன்னிரண்டு வயது 'சன்-இன்-லா' இருந்தால் கதை விளங்கிவிடும்: தாய் மறுமணம் செய்தவர், பிள்ளையின் குடும்பப்பெயர் வேறு. காணாமல் போன எத்தனையோ பிள்ளைகள் இப்படி வேறு பெயரின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். அதேபோல் ஒருவர் பெயருக்குப் பின்னால் 'சீனியர்', இன்னொருவருக்கு 'ஜூனியர்' என்றிருந்தால் அப்பா மகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர், இளையவர் என்று பிரித்துக்காட்டவும் அப்படி எழுதுவார்கள்.

1911 தாளில் மட்டும் ஒரு கேள்வி உண்டு: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. உங்களிடம் ஆறு பேர் இருக்க, அந்தத் தாய் எட்டு என்று சொல்லியிருந்தால் இன்னும் இருவரைத் தேட வேண்டும்.

படி 3: கோயில் பதிவேடுகள்

1837க்கு மேலே போக பாரிஷ் பதிவேடுதான் அச்சாணி. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் போட்ட ஆணையால் ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கியது. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகல் பிஷப்புக்குப் போனது. மூலப் பதிவேட்டைப் பூச்சி தின்றிருந்தாலும், பக்கம் கிழிந்திருந்தாலும், அந்த பிஷப் நகலில் விவரம் பிழைத்திருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இல்லாத ஒரு சொல் மற்றதில் இருக்கும்.

இன்ன ஆண்டில் இன்னதுதான் கிடைக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது: ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழில், வசித்த இடம், அடக்கத்தில் வயது. 1754 மார்ச் 25 முதல் ஹார்ட்விக் பிரபுவின் சட்டத்தால் திருமணத்துக்குத் தனிப் புத்தகம், கையெழுத்து, சாட்சிகள். அதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரே வரிதான். 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் குடியரசுக் காலமும். பல ஊர்களில் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அதில் உங்கள் தேடலின் குற்றம் எதுவுமில்லை.

உங்கள் குடும்பம் யார்க்‌ஷயர் பக்கம் என்றால் கொடுத்து வைத்தவர்கள். அங்கே வில்லியம் டேட் என்ற பாதிரியார் வகுத்த முறையில், 1777 முதல் 1812 வரை, பல பாரிஷ்களில் ஒரே ஞானஸ்நானப் பதிவில் தாத்தா பாட்டி பெயர் வரை இருபக்கமும் எழுதி வைத்தார்கள். ஒரே வரியில் இரண்டு தலைமுறை ஏறிவிடலாம்.

திருமணப் பக்கத்தில் சாட்சிகளை உற்றுப் பாருங்கள். அதற்கு ஓர் எளிய சோதனை: அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் புரட்டுங்கள். அதே சாட்சி எல்லாக் கல்யாணத்திலும் வந்தால் அவர் கோயில் குமாஸ்தா, உறவினர் இல்லை. ஒரு கல்யாணத்தில் மட்டும் வந்தால் அண்ணனாகவோ மைத்துனராகவோ இருக்க நல்ல வாய்ப்பு. மூன்று ஞாயிறு ஓலை (கோயிலில் செய்யும் திருமண அறிவிப்பு) வாசித்த குறிப்பும் தனியாக இருக்கும்; மணமகன் வெளியூர் என்றால் அவர் ஊர்க் கோயிலிலும் ஓலை வாசித்திருப்பார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை அது காட்டிவிடும்.

அப்புறம் காலண்டர். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. பெற்றோர் 1720 ஜூனில் கல்யாணம், பிள்ளைக்கு 1720 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்று பதிவேட்டில் பார்த்தால் பதற வேண்டாம். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1721. நீங்கள் குறித்துக்கொள்ளும்போது 1720/21 என்று இரண்டையும் எழுதுங்கள். 1733 வரை சில பதிவேடுகள் லத்தீனில் இருக்கும்: குலீல்மஸ் என்றால் வில்லியம், ஜகோபஸ் என்றால் ஜேம்ஸ்.

படி 4: வேண்டாதவர்களை விலக்குங்கள்

எங்கள் ஆள் 1851இல் 62 வயது. ஆகவே 1788 அல்லது 1789. அவர் சொன்ன ஊர்ப் பதிவேட்டில் அதே பெயரோடு 1788இல் ஒரு ஞானஸ்நானம் இருந்தது. இணையத்தில் எல்லாரும் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஊர் சரி, பெயர் சரி, வருடமும் சரி.

நான் அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். ஞானஸ்நானத்திலிருந்து வரிசையாக ஒவ்வொரு வருடமும். 1791இல் அதே பெயர், அதே பெற்றோர் பெயரோடு, ஒரு குழந்தையின் அடக்கம். இரண்டரை வயதில் இறந்த பிள்ளை 1814இல் எப்படிக் கல்யாணம் செய்துகொள்ள முடியும்? அந்த ஒரு வரியைப் பார்க்காததால் ஐந்து குடும்பங்கள் வேறு யாரோ ஒருவரின் பெற்றோரைத் தங்கள் மூதாதையர் என்று எழுதி வைத்திருக்கின்றன. அந்தக் குழந்தையின் தாய் தந்தையரை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும்.

ஞானஸ்நானம் கிடைத்ததும் உடனே அடக்கம் தேடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சாதாரணம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. பெயரன் என்ற சொல்லிலிருந்தே பேரன் வந்த நமக்கு அது புதிதில்லை. அதனால் ஒரே ஊரில் அண்ணன் தம்பிகள் நாலு பேரும் தங்கள் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்திருக்க, ஒரே வயதில் ஒரே பெயரில் நாலு பேர் நிற்பார்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று நிரப்பிக்கொண்டே போங்கள்.

ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மைல் வட்டத்தில் உள்ள எல்லா பாரிஷ்களையும் ஒரு வரைபடத்தில் குறித்து, எதைப் பார்த்தாயிற்று, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று எழுதுங்கள். ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் போன்ற இலவசத் தளங்களிலும், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்களிலும் தேடல் பெட்டியில் எதுவும் வரவில்லை என்றால் பதிவே இல்லை என்று பொருளில்லை. அந்த பாரிஷ் அந்தத் தளத்தில் ஏறாமல் இருக்கலாம், எழுத்தைப் பெயர்த்தவர் தப்பாக வாசித்திருக்கலாம். முடிந்தவரை மூலப் பக்கத்தின் படத்தையே பாருங்கள்.

படி 5: ஏழைகளின் காகிதங்கள்

எங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. பணக்காரர் உயிலில் பேசுவார், ஏழை இந்தக் காகிதங்களில்தான் வாய் திறக்கிறார்.

1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் வறுமையில் விழுந்தால் அவருக்குச் சோறு போட வேண்டியது எந்த பாரிஷ் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அந்த உரிமைக்குப் பெயர் செட்டில்மென்ட். பிள்ளைக்குத் தந்தையின் செட்டில்மென்ட், மனைவிக்குக் கணவனின் செட்டில்மென்ட். கல்யாணமாகாதவர் ஒரு வருட ஒப்பந்தத்தில் முழுதாக வேலை செய்தாலோ, தொழில் பழக ஒப்பந்தம் எழுதினாலோ சொந்தமாக ஒன்று கிடைக்கும். வேற்றூர்க்காரர் உதவி கேட்டு வந்தால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், அப்பா எந்த ஊர், எங்கெல்லாம் வேலை செய்தாய் என்று விசாரித்து எழுதிக்கொள்வார்கள். ஊர்ப்பணத்தை மிச்சம் பிடிக்க நடந்த அந்த விசாரணை, நமக்குத் தேவையான கேள்விகளையே கேட்டிருக்கிறது.

நாரிச் நகரில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில், அவர் கல்யாணத்துக்குப் பின் குடியிருந்த பாரிஷின் பழைய பெட்டிக் காகிதங்களைக் கேட்டேன். நாலாக மடித்திருந்த ஒரு தாள், 1822ஆம் ஆண்டு. பாதி அச்சு, பாதி கையெழுத்து, மை பழுப்பேறியிருந்தது. வயது சுமார் 33. தான் சஃபோக் மாவட்டத்தில் இன்ன பாரிஷில், தாயின் ஊரில் பிறந்ததாகத் தாய் சொல்லக் கேட்டிருக்கிறார்; கைக்குழந்தையிலேயே நார்ஃபோக் வந்துவிட்டார்; மைக்கேல்மாஸ் திருநாளில் ஒரு பண்ணையாரிடம் ஒரு வருடக் கூலிக்கு அமர்ந்தார். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, ஒரு கோடு அழுத்தமாக, மற்றது இழுத்துக்கொண்டு. என் கணவரின் குடும்பத்தில் எழுதத் தெரியாத கடைசி ஆளின் கைத்தடம் அது. தாள் மேல் கண்ணீர் படாமல் இருக்க அதைத் தள்ளி வைத்தேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நமக்கு மட்டும் உரியதில்லை. அங்கேயும் முதல் பிள்ளையின் ஞானஸ்நானம் பல சமயம் தாயின் பாரிஷில்தான் இருக்கும். கல்யாணமும் பெண் வீட்டு ஊரில். 1851 சென்சஸில் அவர் சொன்னது வளர்ந்த ஊரை. சஃபோக் பதிவேட்டில் 1787இல் பெற்றோரின் திருமணமும் 1789இல் அவருடைய ஞானஸ்நானமும் இருந்தன. தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் அங்கேயே கிடைத்தது.

தந்தை பெயரே இல்லாத பிள்ளை என்றால், இதே பெட்டியில் பாஸ்டர்டி பத்திரங்களைத் தேடுங்கள். பிள்ளையின் செலவு ஊர் தலையில் விழாமல் இருக்க, தாயிடம் தந்தை பெயரைக் கேட்டு அவரிடம் உறுதிப்பத்திரம் வாங்கியிருப்பார்கள். பிள்ளைக்கு வைத்த நடுப்பெயர் ஒரு குடும்பப்பெயர் போல ஒலித்தால், அது பெரும்பாலும் தந்தையுடையது, அல்லது தாய்வழிப் பாட்டியுடையது.

படி 6: உயில்கள்

1858 ஜனவரிக்கு முன் உயில்களைக் கோயில் நீதிமன்றங்கள் மெய்ப்பித்தன. கேன்டர்பரி பேராயரின் நீதிமன்ற உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், மற்றவை பெரும்பாலும் மாவட்டக் காப்பகங்களில். அதன் பிறகு நாடு முழுமைக்கும் ஒரே ஆண்டு அட்டவணை. டெவன் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு பெரும் இழப்பு: 1942இல் எக்ஸிடர் குண்டுவீச்சில் அங்கிருந்த பழைய உயில்கள் எரிந்துவிட்டன.

நேர் தாத்தாவின் உயிலை மட்டும் தேடாதீர்கள். கல்யாணமாகாத அத்தை, பெரியம்மாவின் உயில்தான் பொக்கிஷம். பிள்ளை இல்லாததால் அண்ணன் மகன், தங்கை மகள் என்று எல்லாருக்கும் ஒரு கரண்டியோ ஒரு பவுண்டோ எழுதி, அவர்கள் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்.

படி 7: ஆள் வேறெங்கோ இருந்தால்

கல்யாணம் மட்டும் ஆங்கிலிக்கன் (அரசு சார்ந்த இங்கிலாந்துத் திருச்சபை) கோயிலில், பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றுகூட இல்லை என்றால், குடும்பம் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற பிரிவாக இருக்கலாம். 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணக்க வேண்டும் என்பது சட்டம். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற பிரிவினரின் சபைப் பதிவேடுகள் பல கியூ காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் உள்ளன.

பதினாறு பதினேழு வயதில் ஒரு பையன் மறைந்து, அடக்கமும் இல்லை என்றால் கப்பல் ஏறியிருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் கேடட்டாகச் சேர ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். அந்தக் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கத்தின் நகல்களும் 1698 முதல் அங்கே என்/2 என்ற வரிசையில் கிடைக்கும். இங்கிலாந்தில் அறுந்த இழை புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி கோயிலில் அகப்பட்ட குடும்பங்கள் உண்டு.

டி.என்.ஏ. சோதனையைக் கடைசியில் வையுங்கள். அது இருவருக்கும் பொது மூதாதை உண்டு என்று சொல்லும், யார் என்று சொல்லாது. காகிதத்தில் இரண்டு பேரில் ஒருவர் என்று சுருக்கிய பிறகுதான் அது பயன்படும்.

எழுதி வைக்கும் முறை

ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்தக் காப்பகம் என்று குறியுங்கள். கிடைக்காத தேடல்களையும் எழுதுங்கள்: இன்ன பாரிஷ், 1780 முதல் 1795 வரை, இல்லை. சந்தேகமான இணைப்பைப் புள்ளிக்கோட்டால் போடுங்கள், உறுதியானதும் முழுக்கோடு. எங்கள் தாளில் 1787 திருமணத்துக்கு மேலே, மணமகனின் பெற்றோர் இடத்தில், இப்போது இரண்டு புள்ளிக்கோடுகள் இருக்கின்றன. சஃபோக் பக்கம் ஒன்பது பாரிஷ்களில் நாலைப் பார்த்தாயிற்று.